நாயின் குறிப்பறிந்த வரலாறு

வாலைக் குழைத்தல், உறுமல், மல்லாந்து படுத்தல், காதை மடக்குதல், கம்பத்தை முகர்ந்து காலைத் தூக்குதல் போன்ற நாயின் செயல்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் கண்முன் நடந்துவருபவை. ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசலில் 1914இல் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழமையுடைய புதைகுழியில், மனிதர் இருவரின் எலும்புகளோடு ஒரு நாயின் எலும்புகளும் கிடந்தன. இத்தனை நெடிய உறவு இருந்தும், நாயின் செயல்களுக்கு மனிதர் கற்பித்த பொருள் காலந்தோறும் மாறிவந்திருக்கிறது. அம்மாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, நாயைப் பற்றி எழுதியவர்களில் பலர் நாயை ஓரத்தில் நிறுத்திவிட்டு வேறொன்றையே பார்த்துக்கொண்டிருந்தனர் என்பது தெரியவருகிறது. ஒரு காலத்தில் அந்த வேறொன்று இயந்திரமாகவும், மற்றொரு காலத்தில் மனிதனாகவும், 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கூண்டில் அடைபட்ட ஓநாயாகவும் இருந்தது.

முதலில் நாயைக் கவனித்து எழுதியவர்கள் வேட்டைக்காரர்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கர் செனஃபோன், வேட்டை பற்றிய தம் நூலில், முயலின் மோப்பம் கிடைத்ததும் வேட்டைநாய்களின் வாலிலும் காதிலும் உண்டாகும் வேறுபாடுகளையும், எந்த நாய் உண்மையான தடத்தில் செல்கிறது, எது வெறுமனே ஆரவாரம் செய்கிறது என்பதையும் பிரித்துச் சொன்னார். நாய்க்குச் சட்டென அழைக்கத்தக்க சிறு பெயரே ஏற்றது என்று கூறி, அத்தகைய பெயர்களின் பட்டியல் ஒன்றையும் தந்தார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அதே பொருளில் எழுதிய அரியன், தாம் வளர்த்த பெண்நாய் தன் தேவைகளை வெவ்வேறு குரல்களால் தெரிவித்ததைப் பதிவு செய்தார். இவை பயன் கருதிய கவனிப்புகள். எனவே அவற்றில் தத்துவம் குறைவாகவும் துல்லியம் மிகுதியாகவும் இருந்தன.

தென்னிந்தியாவில் நாயைப் பற்றிய பழைய சான்றுகள் வேறு வகையின. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூரில் உள்ள, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயான கோவிவன் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதைப் பெயரோடு பொறித்து வைத்திருக்கிறது. கர்நாடகத்தின் ஆதகூரில் 10ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பப்பட்ட கல், காட்டுப்பன்றியோடு பொருது மடிந்த காளி என்ற நாயைப் போற்றுகிறது. நாய்க்குப் பெயரும் கல்லும் கொடுத்த அச்சமூகங்கள் அதன் நடத்தையை நன்கு அறிந்தே இருந்திருக்க வேண்டும். ஆனால் கல்லில் ஏறியது வீரச்செயல் மட்டுமே. கடிப்பதற்கு முன் அந்த நாய் எப்படி நின்றது, வாலை எப்படி வைத்திருந்தது என்பதெல்லாம் கல்லில் இடம்பெறும் செய்திகள் ஆகவில்லை.

விலங்கின் உடல் தோற்றத்தையே ஆய்வுப் பொருளாக்கியவர் சார்லஸ் டார்வின். அவருக்கு முன் 17ஆம் நூற்றாண்டில், விலங்குகளை நுட்பமான இயந்திரங்களாகக் கருதிய ரெனே டேக்கார்ட்டின் கருத்து ஐரோப்பிய அறிவுலகில் செல்வாக்குப் பெற்றிருந்தது. அக்கருத்தின்படி உறுமல் என்பது பொறியின் ஓசைக்கு மேல் எதுவும் ஆகாது. மனிதரும் விலங்கும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று நிறுவிய டார்வினுக்கு இந்தப் பிரிவினை ஒப்பவில்லை. 1872இல் வெளியான, மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படும் விதம் பற்றிய அவருடைய நூலில் நாய்க்குத் தனியிடம் உண்டு. முன்பின் அறியாத ஒருவரை நோக்கிப் பகையோடு வரும் நாய், உடலை விறைத்து நிமிர்ந்து நடக்கிறது; தலை சற்றே உயர்ந்தும், வால் விறைப்பாக மேலெழுந்தும், பிடரியிலும் முதுகிலும் மயிர் சிலிர்த்தும், காதுகள் முன்னோக்கியும், பார்வை நிலைகுத்தியும் இருக்கின்றன. வருபவர் தன் எசமானரே என்று அடையாளம் கண்ட அக்கணத்தில் எல்லாம் தலைகீழாகின்றன: உடல் தாழ்ந்து நெளிகிறது, வால் இறங்கி அசைகிறது, காதுகள் பின்னுக்குச் சாய்கின்றன, உதடுகள் தளர்கின்றன. இரண்டாவது தோற்றத்தின் ஒவ்வோர் உறுப்பும் முதல் தோற்றத்தின் நேர் எதிராக இருப்பதைக் கண்ட டார்வின், எதிர்நிலைக் கோட்பாடு என்ற ஒன்றை அதிலிருந்து வகுத்தார். பகை உணர்ச்சிக்கு உரிய தோற்றம் சண்டைக்குப் பயன்படுவதால் அமைந்தது என்றும், நட்பு அதற்கு எதிரான உணர்ச்சி என்பதால், தனக்கென ஒரு பயன் இல்லாவிட்டாலும், உடல் எதிரான தோற்றத்தை மேற்கொள்கிறது என்றும் அக்கோட்பாடு கூறுகிறது.

அதே நூலில் டார்வின் எடுத்தாண்ட மற்றொரு கருத்து, பழக்கம் பயனை இழந்த பின்னும் நீடிக்கும் என்பது. கம்பளத்தின்மீது படுக்கும் முன் நாய் வட்டமாகச் சுற்றிவிட்டு முன்காலால் பிறாண்டுவது, முன்னோர் புல்லை மிதித்துப் படுக்கை அமைத்த வழக்கத்தின் எச்சம் என்றார். நாய் பற்றிய எளிய நூல்களில் இன்றும் இந்த விளக்கம் கேள்வியின்றி வழிமொழியப்படுகிறது. டார்வின் சொன்னார் என்பதே அதற்குப் போதிய சான்றாகக் கொள்ளப்படுவது சற்று வேடிக்கையானது. டார்வினின் கண் கூர்மையானது என்றாலும், பார்த்ததற்கு அவர் தந்த பொருளில் மனித மனத்தின் சாயல் அடிக்கடி ஏறியது. புல்வெளியில் விரித்து வைத்திருந்த குடை காற்றில் அசையும்போதெல்லாம் தம் நாய் உறுமியதைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத ஏதோ உயிர் அதை அசைப்பதாக நாய் எண்ணியிருக்கும் என்று 1871இல் எழுதி, அதைச் சமய நம்பிக்கையின் தோற்றத்தோடு தொடர்புபடுத்தினார்.

இத்தகைய தாராளமான ஊகங்களுக்கு எதிர்வினை விரைவில் எழுந்தது. பிரிஸ்டலில் பணியாற்றிய லாயிட் மார்கன், 1894இல் வெளியிட்ட ஒப்பீட்டு உளவியல் நூலில், தாழ்ந்த நிலை உளச்செயலால் விளக்க முடிந்த ஒன்றை உயர்ந்த நிலை உளச்செயலால் விளக்கக்கூடாது என்ற விதியை முன்வைத்தார். அவர் வளர்த்த டோனி என்ற ஃபாக்ஸ் டெரியர் நாய், வீட்டுக் கம்பிக் கதவின் தாழைத் தலையால் நெம்பித் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடும். பார்ப்பவருக்குத் தாழின் இயக்கத்தைப் புரிந்துகொண்ட நாயாகவே அது தோன்றும். தொடக்கத்திலிருந்தே அதைக் கவனித்திருந்த மார்கனோ, கம்பிகளுக்கிடையே தலையை நீட்டி வேடிக்கை பார்த்த நாய் தற்செயலாகத் தாழுக்கு அடியில் தலையைக் கொடுத்ததையும், கதவு திறந்துகொண்டதையும், பின்னர் பலமுறை தடுமாறிய பிறகே அது ஒரே வீச்சில் திறக்கப் பழகியதையும் எடுத்துக்காட்டினார். முடிந்த செயலை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார், செயல் உருவான வழியைப் பார்த்தவர் ஏமாறமாட்டார் என்ற இந்தப் பாடம் நாய் ஆய்வுக்குக் கிடைத்த பெரும் கொடை. ரஷ்யாவில், செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லவ், உணவுக்கு முன் தவறாமல் கேட்கும் ஒலிக்கு நாய் எச்சில் ஊறுவதை அளந்து காட்டினார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் வாரில் பூட்டி நிறுத்தப்பட்ட நாய்க்கு வாலும் காதும் இருந்தன என்றாலும், கணக்கில் ஏறியவை எச்சில் துளிகளே.

நாயின் முழு உடலும் மீண்டும் கவனத்துக்கு வந்தது ஓநாயின் வழியாக. நார்வேயைச் சேர்ந்த தோர்லெய்ஃப் ஷெல்டெரூப்-எப்பே, 1920களின் தொடக்கத்தில் கோழிகளிடையே எது எதைக் கொத்தலாம் என்பதில் நிலையான வரிசை உண்டு என்று காட்டியபின், பிற விலங்குக் கூட்டங்களிலும் அத்தகைய வரிசையைத் தேடும் ஆர்வம் பரவியது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர விலங்குக் காட்சியகத்தில் ஓநாய்களைக் கவனித்த ருடால்ஃப் ஷெங்கல், 1947இல் வெளியிட்ட ஆய்வில், ஓநாயின் முகத் தோற்றங்களையும் வால் நிலைகளையும் ஒவ்வொன்றாக வரைந்து விளக்கினார். வாலை எந்த உயரத்தில் பிடிப்பது, உதட்டை எவ்வளவு பின்னிழுப்பது, எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்பவை ஓநாய்களுக்கிடையே பொருள் தருபவை என்பதை அவர் அளவுக்கு நுணுக்கமாக முன்னர் யாரும் எழுதியதில்லை. அந்தப் படங்களின் மதிப்பு இன்றும் குறையவில்லை. சிக்கல், அவர் பார்த்த இடத்தில் இருந்தது. ஏறத்தாழ 10 மீட்டருக்கு 20 மீட்டர் அளவுள்ள அடைப்பில் பத்து ஓநாய்கள் வரை வைக்கப்பட்டிருந்தன. காட்டில் வளர்ந்த குட்டி ஒன்றிரண்டு வயதில் தாய் தந்தையரை விட்டுப் பிரிந்து வேறு நிலம் தேடிப்போகும். மோதல் முற்றினால் தோற்றது அகன்றுவிடும். பாசெலில் அகல்வதற்கு இடமில்லை. ஒதுங்க வழியற்ற விலங்குகளிடையே நிகழ்ந்த ஓயாத சண்டையிலிருந்து, ஆண் பெண் ஒவ்வொன்றிலும் தலைமை நிலையில் ஒன்று இருந்து மற்றவற்றை அடக்கிவைக்கிறது என்ற சித்திரத்தை ஷெங்கல் வடித்தார். கிரேக்க அகரவரிசையின் முதல் எழுத்தைக் கொண்டு அத்தலைமை ஓநாய் ஆல்ஃபா எனப்பட்டது. கட்டுரையினூடே ஓநாய்க்கும் வீட்டு நாய்க்கும் உள்ள ஒப்புமைகளையும் அவர் சுட்டினார்.

இந்தச் சித்திரம் வேகமாகப் பரவியதற்கு, அதை ஏற்கும் நிலம் முன்பே உழுது வைக்கப்பட்டிருந்தது ஒரு காரணம். ஜெர்மனியில் காவல்துறை நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட், 1910இல் எழுதிய பயிற்சி நூலிலேயே, மனிதன் நாயின்மீது மேலாண்மையை உடல் வலிமையாலும் நிலைநாட்ட வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தார். படைக்கும் காவலுக்கும் நாயைப் பழக்கியவர்களின் கைப்பழக்கத்துக்கு, ஓநாய் ஆய்வு பிற்காலத்தில் ஓர் அறிவியல் மேற்போர்வையை அளித்தது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட ஓநாய் பற்றிய விரிவான நூல், அதுவரை கிடைத்த அறிவையெல்லாம் தொகுத்தபோது ஷெங்கலின் கருத்தையும் சேர்த்துக்கொண்டது. நியூயார்க் மாநிலத்தில் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களை வளர்த்துவந்த நியூ ஸ்கீட் துறவியர் 1978இல் வெளியிட்ட, பெரிதும் விற்பனையான நூல், தவறு செய்யும் நாயைப் பிடித்து மல்லாக்கக் கிடத்தி அழுத்தும் தண்டனையைப் பரிந்துரைத்தது. ஓநாய்த் தலைவன் தன் கூட்டத்தாரை அப்படித்தான் அடக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நாய்க்கு முன் வீட்டார் உண்ண வேண்டும், வாயிலை எசமானரே முதலில் கடக்க வேண்டும், நாற்காலியில் நாயை ஏற்றக்கூடாது என்ற விதிகளும் இக்கருத்தின் நிழலில் தழைத்தன. இவ்வாறு, நாய் வாசலுக்கு முந்தி ஓடுவது வெளியே போகும் ஆவல் என்ற எளிய பொருளை இழந்து, ஆட்சியைப் பிடிக்கும் சதியாகப் படிக்கப்பட்டது.

ஓநாய் மல்லாந்து படுப்பதன் பொருளை ஷெங்கலே பின்னர் இன்னும் கவனமாக ஆராய்ந்தார் என்பதை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். 1967இல் எழுதிய கட்டுரையில், பணிவை அவர் இரு வகையாகப் பிரித்தார். குட்டி தாயின் வாயை நக்கி உணவு கேட்கும் செயலிலிருந்து வளர்ந்த, வாலாட்டி முகத்தை முட்டும் முனைப்பான பணிவு ஒன்று. தாய் தன்னை நக்கித் துப்புரவு செய்யக் குட்டி அசையாமல் மல்லாந்து கிடப்பதிலிருந்து வளர்ந்த ஒடுங்கிய பணிவு மற்றொன்று. இரண்டுமே தாழ்ந்தது தானாக முன்வந்து காட்டுபவை. மேலது கீழதைப் பிடித்துப் புரட்டுவதில்லை. துறவியரின் நூல் வெளியாவதற்கு 11 ஆண்டுகள் முன்பே அச்சில் இருந்த இந்தக் கருத்து, பயிற்சியாளரின் கைக்கு வந்து சேரவில்லை.

அதே காலத்தில் நாயை நாயாகவே பார்த்த ஆய்வும் ஓசையின்றி நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில், ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பசெஞ்சி, பீகிள், காக்கர் ஸ்பானியல், ஷெட்லண்ட் ஷீப்டாக், ஃபாக்ஸ் டெரியர் ஆகிய ஐந்து இனக் குட்டிகளைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து, 1965இல் முடிவுகளை நூலாக்கினர். ஏறத்தாழ 3 முதல் 12 வார வயது வரையிலான காலத்தில் குட்டி யாரோடு பழகுகிறதோ அவர்களையே தன்னினமாக ஏற்கிறது என்பது அவர்களுடைய முதன்மையான கண்டுபிடிப்பு. இது பழகும் பருவம் எனப்படும். அதே இடத்தில் செய்யப்பட்டு 1961இல் வெளியான ஓர் ஆய்வில், 14 வாரம் வரை மனிதரையே காணாமல் வேலியிட்ட வெளியில் வளர்ந்த குட்டிகள், பின்னர் எவ்வளவு முயன்றும் மனிதரிடம் இயல்பாக அண்டவில்லை. வளர்ந்த நாய் அயலாரைக் கண்டு உறுமினால், அதன் வேர் ஆட்சி ஆசையில் இருப்பதைவிட, குட்டிப்பருவத்தில் பார்க்காமல் போன முகங்களில் இருக்கவே வாய்ப்பு மிகுதி என்பதை இந்த ஆய்வு அன்றே உணர்த்தியிருக்கலாம்.

ஆல்ஃபா கருத்தின் அடித்தளத்தை அசைத்தவர், அதைப் பரப்பிய டேவிட் மெக்கே. கனடாவின் வடகோடியில், மனிதரைக் கண்டு அஞ்சாத ஓநாய்கள் வாழும் எல்ஸ்மியர் தீவில், 1986 முதல் 1998 வரை கோடைதோறும் ஒரு கூட்டத்தை அருகிருந்து கவனித்த அவர், 1999இல் வெளியிட்ட கட்டுரையில், இயற்கையான ஓநாய்க்கூட்டம் பொதுவாகத் தாய், தந்தை, அவற்றின் பல்வேறு வயதுக் குட்டிகள் ஆகியவை சேர்ந்த ஒரு குடும்பமே என்று காட்டினார். அங்கே தலைமைக்கான போட்டி நடப்பதில்லை. பிள்ளைகள் பெற்றோருக்கு அடங்கி நடப்பதைத்தான் முந்தைய ஆய்வாளர்கள் அரசியலாகப் பார்த்துவிட்டனர். அடைப்பில் உறவில்லாத வளர்ந்த ஓநாய்களைத் திணித்துவிட்டு அதை ஓநாய்க் குடும்பத்தின் இலக்கணமாகக் கொள்வது, ஏதிலியர் முகாமைப் பார்த்து மனிதக் குடும்பத்துக்கு வரைவிலக்கணம் எழுதுவதை ஒத்தது. ஆல்ஃபா என்ற சொல்லையே கைவிட வேண்டும் என்ற மெக், தம் பழைய நூலை மேலும் அச்சிட வேண்டாம் எனப் பதிப்பகத்தாரிடம் வற்புறுத்தினார். நியூ ஸ்கீட் துறவியரும் பிந்தைய பதிப்பில், புரட்டிப் போடும் தண்டனையைத் திரும்பப் பெற்றனர்.

நூல்கள் திருந்திய பின்னும் கைகள் திருந்தவில்லை என்பதை 2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நடத்தைக் கோளாறுக்காக அழைத்துவரப்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம், முன்னர் என்னென்ன முறைகளைக் கையாண்டனர் என்று கேட்கப்பட்டது. நாயை அடித்தவர் அல்லது உதைத்தவரில் 43 விழுக்காட்டினரும், பிடித்துப் புரட்டியவரில் 31 விழுக்காட்டினரும், விடாமல் முறைத்துப் பார்த்தவரில் 30 விழுக்காட்டினரும், அச்செயலுக்கு நாய் சீறிப் பதிலளித்ததாகக் கூறினர். அச்சத்தால் உறுமும் நாய்க்கு, உறுமல் எதிராளியை விலகச் சொல்லும் எச்சரிக்கை. அதற்குத் தண்டனை கிடைத்தால் நாய் எச்சரிக்கையை விட்டுவிடக் கற்றுக்கொள்ளலாம், அச்சத்தையோ விடுவதில்லை. உறுமாமல் கடிக்கும் நாய் உருவாவதற்கு இது ஒரு வழி.

2000க்குப் பிந்தைய ஆய்வுகளில் சில, வீட்டில் அன்றாடம் காணும் செயல்களை நேரடியாகச் சோதனைக்கு உட்படுத்தின. நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட சோதனையை இங்கே சற்று விரித்துச் சொல்லலாம். தின்பண்டம் ஒன்றைத் தின்னக்கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியேறுவார். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டதா இல்லையா என்பது அவருக்குச் சொல்லப்படும், ஆனால் அந்தத் தகவல் சிலமுறை வேண்டுமென்றே பொய்யாக இருக்கும். தலையைக் குனிந்து, பார்வையைத் தவிர்த்து, காதை மடக்கி, வாலை ஒடுக்கும் 'குற்ற முகம்', நாய் உண்மையில் தின்றதா என்பதைச் சார்ந்து வரவில்லை; உரிமையாளர் கடிந்துகொண்டாரா என்பதைச் சார்ந்தே வந்தது. தின்னாமல் இருந்தும் திட்டு வாங்கிய நாய்களிடம் அது மிகத் தெளிவாகத் தெரிந்தது. குற்றவுணர்வு என்று வீட்டார் படித்தது, சினத்தைத் தணிக்க முயலும் பணிவே. டார்வின் இரண்டாவதாக வரைந்து காட்டிய தோற்றத்தின் உறுப்புகள் சில அதில் அப்படியே இருக்கின்றன.

வாலாட்டலும் அதுவரை எண்ணியதைவிடச் சிக்கலானதாகத் தெரியவந்தது. இத்தாலியின் பாரி, திரியெஸ்தே நகர ஆய்வாளர்கள் 2007இல் 30 நாய்களுக்குச் சாளரம் வழியே வெவ்வேறு உருவங்களைக் காட்டி, வாலசைவை ஒளிப்பதிவு செய்து அளந்தனர். உரிமையாளரைக் கண்டபோது வால் நாயின் வலப்பக்கம் மிகுதியாகச் சாய்ந்தது. முன்பின் அறியாத, மிடுக்கான நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது. வாலாட்டும் நாய் எல்லாம் மகிழ்ச்சியாக இருக்கிறது என்ற நம்பிக்கையால் கை நீட்டிக் கடிபட்டவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. நார்வேயைச் சேர்ந்த நாய்ப் பயிற்சியாளர் தூரித் ரூகாஸ், கொட்டாவி, மூக்கை நக்கிக்கொள்ளுதல், முகத்தைத் திருப்புதல், காரணமின்றித் தரையை முகர்தல் ஆகியவற்றைப் பதற்றத்தைத் தணிக்கும் குறிகள் என 1990களில் தொகுத்தார். அவருடைய பட்டியல் ஆய்வுக்கூடத்தில் உருவானதன்று, அதன் எல்லா உருப்படிகளும் ஒரே அளவில் உறுதியானவையும் அல்ல. ஆனாலும் குழந்தையின் கட்டிப்பிடிப்பில் சிக்கிய நாய் கொட்டாவி விடுவதைத் தூக்கம் என்று படிக்கும் வழக்கத்தைக் குறைத்ததில் அதற்குப் பங்குண்டு.

நாய் எந்த இடத்தில் ஓநாயிலிருந்து பிரிகிறது என்ற கேள்விக்கு, புடாபெஸ்ட் நகரில் ஆடம் மிக்லோஷியின் குழுவினர் 2003இல் ஓர் எளிய விடையைக் கண்டனர். பிறந்தது முதல் மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும் இறைச்சியை எடுக்கும் வழி கற்றுக்கொடுக்கப்பட்டு, பின்னர் அந்த வழி அவற்றுக்குத் தெரியாமல் அடைக்கப்பட்டது. ஓநாய்கள் விடாமல் முட்டி மோதின. நாய்களோ சிறிது முயன்றுவிட்டு, பின்னால் நின்ற மனிதரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தன.

இந்த ஆய்வுகள் எல்லாம் வீட்டு நாய்களைச் சார்ந்தவை. உலகின் நாய்களில் பெரும்பாலானவை கயிறும் எசமானரும் இன்றித் தெருவிலும் ஊர்ப்புறத்திலும் வாழ்பவை என்பதால், மேற்கத்திய அறிவின் பெரிய இடைவெளி அங்கேயே இருந்தது. அதை நிரப்பியதில் மேற்கு வங்கத்துக்கு முக்கிய இடம் உண்டு. காட்வா நகரில் சுனில் குமார் பால் 1990களிலிருந்து தெருநாய்களைப் பின்தொடர்ந்து, அவை எல்லையில் மூத்திரம் பெய்து குறியிடும் முறையையும், குரைப்பு, உறுமல், ஊளை, சிணுங்கல் ஆகிய குரல்களையும் வகைப்படுத்தினார். ஈன்ற தாய் உணவு தேடிப் போகும்போது ஆண்நாய் அருகிலிருந்து குட்டிகளைக் காப்பதையும் பதிவு செய்தார். மெக் எல்ஸ்மியரில் கண்ட குடும்பத்தின் சாயல் இதில் ஓரளவு தெரிந்தாலும், தெருநாய்க் கூட்டம் ஓநாய்க் கூட்டத்தைவிட நெகிழ்வானது. தனியே திரிந்து குப்பையில் உண்பது அதற்கு எளிது, கூடி வேட்டையாட வேண்டிய கட்டாயமும் இல்லை. கொல்கத்தாவில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தெருவில் தனியே நின்ற நாய்களின் முன் இரு கிண்ணங்களை வைத்து ஒன்றைக் கையால் சுட்டிக்காட்டினர். எந்தப் பயிற்சியும் பெறாத அந்நாய்களில் அருகே வந்தவற்றுள் பெரும்பாலானவை விரல் காட்டிய கிண்ணத்துக்கே சென்றன. ஏறத்தாழ பாதி நாய்கள் அருகே வரவே இல்லை. அச்சமும் பதற்றமும் அவற்றின் உடலில் தெரிந்ததைக் குறித்த ஆய்வாளர்கள், மனிதரிடம் முன்னர் பட்ட துன்பம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதினர்.